கியர் சைக்கிளா, சாதா சைக்கிளா? பிள்ளைகளுக்கு இரண்டையும் வாங்கிப் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள்கள் நிற்கின்றன. இரண்டுக்கும் 20 அங்குலச் சக்கரம். ஒன்று மகனுக்கு எட்டு வயதில் வாங்கிய ஏழு கியர் வண்டி: முன்னால் ஷாக் அப்சார்பர், இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், விலை 11,500 ரூபாய். மற்றது மகளுக்கு ஆறு வயதில் வாங்கிய சாதா வண்டி: கியர் இல்லை, ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டை பிரேக், மட்கார்டு, கேரியர், விலை 5,800 ரூபாய். மகள் இரண்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் ஓட்டுகிறாள். மகனுடையது இரண்டரை ஆண்டுகளில் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இது இரண்டுக்கும் பொது. வளர்கிற பிள்ளைதானே என்று, பள்ளிச் சீருடையை மடித்துத் தைப்பதுபோல ஒரு அளவு பெரிதாக வாங்கவே கூடாது. நாங்களெல்லாம் அப்பாவின் வண்டியில் குரங்குப் பெடல் போட்டுத்தானே கற்றுக்கொண்டோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்று தெருவில் இத்தனை வண்டிகள் ஓடவில்லை. சீட்டில் உட்கார்ந்தால் இரு கால்களின் முன்பாதமும் தரையில் படவேண்டும்; பாரின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் பாருக்கும் கவட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கவேண்டும். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் பிள்ளைகள் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்வார்கள், அதில் ஏறக்குறைய பாதி காலில் ஏறுகிறது. சீட் கம்பியை 8 செ.மீ. உயர்த்த முடிந்தால் இரண்டு, இரண்டரை ஆண்டுகள் தாராளமாக ஓடும். கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்திவிடாதீர்கள்.

எடை அடுத்தது. இரண்டு வண்டிகளையும் பழைய பேப்பர் கடைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். கியர் வண்டி பதினைந்தரை கிலோ, சாதா வண்டி பன்னிரண்டு. வாங்கியபோது மகனின் எடையே 24 கிலோதான். தன் எடையில் பாதிக்கு மேல் உள்ள ஒன்றை வீட்டுப் படியில் ஏற்றி இறக்க அவனால் முடியவில்லை. யாராவது எடுத்துத் தரவேண்டும் என்ற நிலை வந்ததும் ஓட்டுவது பாதியாகக் குறைந்தது. அந்தக் கூடுதல் எடையில் ஒரு பங்கு முன்னால் இருக்கும் ஷாக் அப்சார்பருடையது. குழந்தையின் எடைக்கு அது அமுங்குவதே இல்லை. நான் கையால் அழுத்தியபோதுதான் இறங்கியது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது எடையும் விலையும் அல்ல, பழுதுபார்ப்பு. கடையில் யாரும் சொல்லாத விஷயம் இது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பிள்ளைகள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதில்லை, போட்டுவிட்டு ஓடுகிறார்கள். வண்டி வலப்பக்கமாக விழுந்தால் முதல் அடி வாங்குவது, பின் சக்கர அச்சுக்குக் கீழே தொங்கும் கியர்க் கை. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது அதுதான். அதைத் தாங்கும் சிறு இரும்புத் தகடு நான்கைந்து மில்லிமீட்டர் உள்ளே வளைந்தால் போதும், கியர் விழுவது தாறுமாறாகிவிடும். மகனுடைய வண்டியில் அப்படித்தான் வளைந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாலை பாலத்தில் ஏறுவதற்காக மிக லேசான கியருக்கு மாற்றியிருக்கிறான். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு நகர, வளைந்த கை அதைவிட உள்ளே போய் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது. மூன்று கம்பிகள் அறுந்து, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, மெதுவாகப் போனதால் கால் ஊன்றிவிட்டான்.

தெருமுனையில் முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தை ரிம்மின் ஓரத்தில் வைத்தார். எங்கெல்லாம் நகம் உரசியதோ அங்கெல்லாம் சாக்பீஸால் ஒரு கோடு. “கம்பி போட்டு வீலில் கோட்டம் எடுத்துத் தருகிறேன் தம்பி. இந்தக் கியர் சாமான் என்னிடம் கிடையாது, டவுனுக்குத்தான் போகவேண்டும்” என்றார். வாங்கிய கடையில் அந்த உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஆறு வாரம் ஆனது. செலவு 1,400 ரூபாய். இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே பக்கமாக விழுந்தது.

மகளின் வண்டிக்கு இந்த இரண்டு ஆண்டுகளில் ஆன செலவு மூன்று பஞ்சர், ஒரு ஜோடி பிரேக் கட்டை, ஒரு பெடல். எல்லாம் அதே பெரியவர் கடையில், அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்தவை. பார்த்துப் பார்த்து இப்போது கழன்ற செயினை அவளே மாட்டிவிடுகிறாள். ஒரு நாள் பற்களை எண்ணிவிட்டு வந்து சொன்னாள்: முன்னால் 36, பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று, அதாவது மூன்று மீட்டருக்குச் சற்றே அதிகம். சமதளத்தில் ஒரு பிள்ளை மிதிப்பதற்கு இது அளவான விகிதம்.

டிஸ்க் பிரேக்கும் இதே கதைதான். சுவரில் சாய்த்து, மேலே இன்னொரு வண்டி சாய்ந்து, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகடு வளைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசல் சத்தம். இந்த வேகத்துக்கு ரப்பர் கட்டை போதும். எந்தப் பிரேக்காக இருந்தாலும் பிடி பிள்ளையின் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் பிடியை உள்ளே கொண்டுவர ஒரு சிறு திருகு இருக்கும், கடையிலேயே திருகித் தரச் சொல்லுங்கள்.

கியர் வண்டிக்கும் நியாயம் செய்யவேண்டும். எங்கள் ஊர் கும்பகோணம். இங்கே ஏற்றம் என்றால் காவிரிப் பாலமும் அரசலாற்றுப் பாலமும்தான். குன்னூரிலோ ஏற்காட்டிலோ பிள்ளையை வளர்த்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருக்கக்கூடும். மகனுடைய டியூபில் கார் டயருக்கு இருப்பதுபோன்ற வால்வு, பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். மகளுடையதில் பழைய வால்வு டியூப் வகை, அதற்குத் தனிப் பம்பு வேண்டும். மகனுக்கு அந்த வண்டியின் மேல் இருந்த ஆசையும் பொய்யில்லை, முதல் மாதம் தினமும் துடைத்து வைத்தான்.

விற்கலாம் என்று கேட்டபோது கியர் வண்டிக்கு 1,200 ரூபாய் என்றார்கள். கியர் விழவில்லை என்றால் வாங்குகிறவரும் செலவு செய்யவேண்டுமே. மகளுடையதைக் கேட்டு இப்போதே அடுத்த தெருவில் ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார்.

மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது, 24 அங்குலம் வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கிறான். பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி வந்துவிடும் என்பதால், இடையில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஓடினால் போதும். கியர்தான் வேண்டும் என்கிறான். எங்கள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பழைய வண்டியைப் பெரியவர் கடைக்குக் கொண்டுபோய், கியர்க் கேபிளை முடுக்கவும் கியர்க் கையைத் தாங்கும் தகட்டை நேராக்கவும் அவனே கற்றுக்கொண்டு வரட்டும், பிறகு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன், மதியச் சாப்பாட்டுக்குத்தான் கையெல்லாம் கிரீசோடு வந்தான்.