ராயபுரத்து நாக்கும் ஜெர்மன் சாப்பாடும்

எங்கள் தெருவிலிருந்து படிக்கவும் நர்ஸ் வேலைக்கும் ஜெர்மனி கிளம்பும் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் வந்து, “மாமா, அங்க இன்னா சாப்பிடறது?” என்றுதான் கேட்கிறார்கள். மகள் ஹாம்பர்க்கில் இருப்பதால் போய்ச் சாப்பிட்டுப் பார்த்த தைரியத்தில் எழுதுகிறேன். ஜெர்மன் சாப்பாடு என்று பொதுவாக ஒன்றைத் தேடாதீர்கள். எந்த ஊரில் இறங்குகிறீர்களோ அந்த ஊர்ச் சரக்கைக் கேளுங்கள்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு என் சிபாரிசு ஹாம்பர்க்தான். காரணம் மீன். எல்பே ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் மீன் சந்தை 1703 முதல் நடக்கிறது. கோடையில் காலை 5 மணிக்குத் தொடங்கி 9.30-க்கு மூட்டை கட்டிவிடுவார்கள். காசிமேட்டு மீன் ஏலத்துக்கு இருட்டில் போய்ப் பழகிய உடம்பு என்பதால் எனக்கு எழுந்திருப்பது பெரிய விஷயமில்லை. மருமகன்தான் முனகிக்கொண்டே வந்தார். பேர்தான் மீன் சந்தை; பழமும் பூச்செடியும் துணிமணியும்கூட விற்கிறார்கள். பக்கத்தில் 1896-ல் கட்டிய ஏலக்கூடம் இருக்கிறது. இப்போது உள்ளே மீன் ஏலம் இல்லை. மேடை போட்டுப் பாட்டு, கீழே ராத்திரி தூங்காத கூட்டம் கையில் பீரோடு ஆட்டம். ஏலச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அது ஒட்டவில்லை.

ஆனால் அங்கே வாங்கிய மீன் பன்னுக்காக இன்னொரு தடவை விமானம் ஏறலாம். ஃபிஷ்ப்ரோட்சென் என்பார்கள். மொறுமொறு ரொட்டியைக் கீறி, மாட்யெஸ் என்கிற ஹெர்ரிங் மீனை வைத்து, மேலே வதக்காத வெங்காயம். வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் வெள்ளித் தோல் மினுங்கும், உள்பக்கம் லேசான ரோஸ் நிறம். இது அடுப்பையே பார்க்காத மீன். முட்டை வைப்பதற்கு முன், உடம்பில் கொழுப்பு ஏறியிருக்கும்போது பிடித்து, குடலை எடுத்துவிட்டுக் கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டு உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். அந்தக் கணையத்திலிருந்து வரும் நொதிதான் சதையை மெதுவாகப் பதப்படுத்துகிறது. புழு பயம் வேண்டாம், உறைய வைத்துத்தான் விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. “பச்ச மீனையா துன்னுட்டு வந்தீங்க?” என்று வீட்டுக்காரி முகம் சுளித்தாள். கவிச்சி துளிகூட இல்லை. கருவாட்டில் பாதி உப்பு, வாயில் போட்டதும் வெண்ணெய் மாதிரி கரைகிறது. புது மாட்யெஸ் ஜூனில் வரும். எல்பே கடலை நெருங்கும் பக்கத்தில் உள்ள க்ளூக்ஸ்டாட் ஊரில் அந்த மாதம் இதற்கென்றே திருவிழா நடக்கிறது.

புளிப்பு வேண்டுமென்றால் வினிகரில் ஊறிய பிஸ்மார்க் ஹெர்ரிங் கேளுங்கள். வெந்ததுதான் வேண்டும் என்பவர்களுக்குப் பொரித்த பாக்ஃபிஷ் இருக்கிறது. அது பரவாயில்லை ரகம், அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

அதே ஊரில் லாப்ஸ்கௌஸ். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் சாப்பாடு. உப்பு போட்ட மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பீட்ரூட் எல்லாவற்றையும் மசித்து ரோஸ் கலரில் தட்டில் கொட்டி, மேலே ஆஃப்பாயில், ஓரமாக ஊறுகாய் வெள்ளரியும் சுருட்டிய ஹெர்ரிங்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் மஞ்சள் கருவை உடைத்துக் கலந்து, வெள்ளரியைக் கடித்துக்கொண்டே சாப்பிட்டால் தட்டு தானாகக் காலியாகிவிடும். பீஃப் சாப்பிடுகிற வடசென்னைக்காரர்கள் தைரியமாக ஆர்டர் பண்ணலாம்.

தெற்கே மியூனிக்கின் வெள்ளை சாசேஜுக்கு (அரைத்த கறியைத் தோலில் அடைத்தது) ஏன் இவ்வளவு பேரும் புகழும் என்று எனக்குப் புரியவில்லை. மதியத்துக்கு முன்பே சாப்பிட வேண்டும், தோலை உரிக்க வேண்டும், இனிப்புக் கடுகு தொட வேண்டும் என்று சம்பிரதாயம் நிறைய. ருசியோ சப்பென்று இருக்கிறது. நாங்கள் போன கடையில் மேசைமேல் கூடை நிறைய பிரெட்ஸல், அதாவது முறுக்கு மாதிரி முறுக்கிய ரொட்டி, வைத்திருந்தார்கள். உபசாரம் என்று நினைத்துவிடாதீர்கள், எத்தனை எடுத்தோம் என்று எண்ணி பில்லில் சேர்க்கிறார்கள். நியூரம்பெர்க் சாசேஜ் வேறு கதை. விரல் நீளம்தான், 7 முதல் 9 சென்டிமீட்டர். மார்ஜோரம் என்கிற மூலிகை வாசத்தோடு, கட்டை நெருப்பில் வாட்டியது. ரொட்டிக்குள் மூன்றாக வாங்கி நடந்துகொண்டே சாப்பிடலாம். ஆனால் பன்றிக்கறி, ஆகாதவர்கள் கவனம்.

சைவக்காரர்களுக்கு பிராங்க்ஃபர்ட்டின் பச்சை சாஸ். ஏழு பச்சை இலைகளை நறுக்கித் தயிரிலோ புளித்த க்ரீமிலோ கலந்து, அவித்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். கூடவே பாதி முட்டை வரும், வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் குடிப்பது. கொலோனில் கோல்ஷ் பீரை 200 மில்லி கிளாஸில்தான் தருகிறார்கள். காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதுமென்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் வைத்து மூட வேண்டும், தலையாட்டினால் வேலைக்காகாது. குடிக்காதவர்களுக்கு ஆப்ஃபெல்ஷோர்லே, ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்தது, எல்லா ஊரிலும் கிடைக்கும். வெறும் தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் சோடாதான் வரும், அதற்கும் காசு. “ஸ்டில்லெஸ் வாஸர்” என்று கேளுங்கள். பாட்டிலைத் தூக்கி எறியாமல் சூப்பர் மார்க்கெட் மெஷினில் போடுங்கள், ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்ப வரும்.