பால்டர்ஸ் கேட் 3: நூறு கோல்டுக்கு இன்னொரு ஜாதகம்

2023 ஆகஸ்டில் லாரியன் ஸ்டுடியோ வெளியிட்ட இந்த ரோல்-பிளேயிங் வீடியோ கேமில் கேரக்டர் உருவாக்கும்போது தப்பு நடக்காமல் இருக்காது. ஆனால் திருத்த 100 கோல்டு போதும். கப்பல் விழுந்த கடற்கரைக்குப் பக்கத்துக் கல்லறையில் விதர்ஸ் என்ற எலும்பும்தோலுமான ஆசாமியை எழுப்பிவிட்டால் கேம்புக்கு வந்துவிடுவார். கிளாஸ் (கேரக்டரின் தொழில் வகை), ஸ்டாட்டுகள் (வலு, அறிவு போன்ற திறன் எண்கள்) எல்லாம் அழித்து எழுதலாம்; இதற்குப் பெயர்தான் ரீஸ்பெக். கூட வருகிறவர்களுக்கும் அதே ரேட். ஆனால் இனத்தை மாற்ற முடியாது.

முதலில் விதர்ஸிடம் அனுப்பவேண்டியது, நம்மோடு வரும் கிளெரிக்கான (தெய்வ சக்தியில் மந்திரம் போடுபவர்) ஷேடோஹார்ட்டை. அவருடைய ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் சும்மா சும்மா குறிதவறும். கிளெரிக்கின் மந்திரம் விஸ்டம் என்ற ஸ்டாட்டில் ஓடும், அது இவருக்கு 17. ஃபயர் போல்ட் இன வழியில் வந்தது, இன்டெலிஜென்ஸைத்தான் பார்க்கும். அது வெறும் 10, போனஸ் பூஜ்யம். கிளெரிக்கின் சொந்தத் தாக்குதல் மந்திரமான கைடிங் போல்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்து, இவருடைய ஸ்ட்ரென்த் (வலு), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) இரண்டும் 13. போனஸ் இரட்டை எண்ணில்தான் ஏறும் என்பதால் 13-ம் 12-ம் ஒன்றே. ஸ்ட்ரென்த் 10, டெக்ஸ் 14, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 16, இன்ட் 8, விஸ்டம் 16, கரிஸ்மா (வசீகரம்) 10 என்று வைத்தால், ஸ்டாட்டுகளை ஏற்ற கேம் தரும் 27 புள்ளிக்குள் அடங்கும். மீடியம் கவசத்துக்குப் பொதுவாக டெக்ஸ் 14-க்கு மேல் பலனில்லை. கான்ஸ்டிட்யூஷன் கூடினால், அடிபட்டாலும் பிளெஸ் (கூட்டாளிகளுக்குக் கைகொடுக்கும் மந்திரம்) கலைவது குறையும்.

மல்டிகிளாஸில்தான், அதாவது ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸ் எடுப்பதில்தான், பலர் வழுக்குகிறார்கள். ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) கிடைப்பது மொத்த லெவலை வைத்து அல்ல, பொதுவாக அந்தந்த கிளாஸின் 4, 8, 12-வது லெவலில். உச்ச லெவல் 12. பாலடின் 6, வார்லாக் 6 என்று பிரித்தால் மூன்று ஃபீட் இரண்டாகிவிடும். ஃபைட்டர் 5, பார்பேரியன் 5 எடுத்தவருக்கு எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே தாக்குதலில் இன்னொரு வெட்டு) இரண்டு முறை சேராது. இவருக்கு மூன்றாவது வெட்டு வேண்டுமென்றால் ஃபைட்டரிலேயே 11 வரை போகவேண்டும். இதையெல்லாம் தேர்வு செய்யும் இடத்திலேயே பளிச்சென்று சொல்லித் தொலைத்தால் என்ன? கேமின் பெரிய குறையே இதுதான்.

மாறாக, விஸார்ட் (படித்து மந்திரம் கற்பவர்) கிளாஸை ஒரே ஒரு லெவல் தொட்டுக்கொள்வது கொள்ளை லாபம். கிளெரிக் 11, விஸார்ட் 1 என்றாலும், அந்த நிலைக்கான ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) இருந்தால் ஆறாம் நிலை ஸ்க்ரோலைக்கூட (மந்திரச் சுருள்) படித்துக் கற்று வைக்கலாம். ஒரு நிலைக்கு 50 கோல்டு வீதம் 300 ஆகும். அந்த மந்திரங்கள் இன்டெலிஜென்ஸில் ஓடுவதால் எதிரி தடுத்துத் தப்பிக்கக்கூடியவற்றை விட்டு, நம் ஆட்களுக்கு உதவுவதைப் பொறுக்கவும்.

ரீஸ்பெக் செய்ததும் கீழே உள்ள ஹாட்பாரைப் பாருங்கள், ஐகான்கள் கலைந்து கிடக்கும். மந்திரங்களையும் மறுபடி பிரிப்பேர் செய்துவிட்டுத்தான் (எவை கைவசம் வேண்டும் என்று தேர்ந்துவிட்டுத்தான்) கேம்பை விட்டுக் கிளம்பவேண்டும்.