77 மாடல் பேஸ் கிட்டார்னு நம்பி 1,85,000 ரூபாய விட்டுட்டேன், நீங்களாவது உஷாரா இருங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. மொத்தம் 1,85,000 ரூபாய். ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம். 19 நாள் முன்னாடி வாங்கினேன், நேத்து சாயங்காலம் டூப்ளிகேட்னு தெரிஞ்சுது, இன்னிக்குக் காலைல என் நம்பர பிளாக் பண்ணிட்டானுங்க. கடை பேர் சொல்ல மாட்டேன், சொந்தத்துல ஒரு வக்கீல் இருக்காரு, கேஸ் போடுற வரைக்கும் பேர எங்கயும் எழுதாதன்னுட்டாரு. சென்னைல பழைய கிட்டார், பழைய ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்குற பெட்டி) மட்டும் விக்கிற கடை, மாடில ஒரே ரூம், போட்டோவெல்லாம் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி மஞ்ச வெளிச்சத்துல எடுத்துப் போடுவானுங்க. அவ்வளவுதான் சொல்வேன். பழைய பேஸ் வாங்குறப்ப பாக்க வேண்டிய பத்து விஷயத்த கடைசில போடுறேன், முழுசா படிங்க.

நான் கும்பகோணம் பக்கம். ஆர்கெஸ்ட்ரால 22 வருஷமா பேஸ் வாசிக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, வேளாங்கண்ணி சீசன்ல சர்ச் கச்சேரி, எல்லாம் பாத்தாச்சு. ஜனங்க பாடுறவங்களையும் கீபோர்டையும்தான் பாப்பாங்க, பேஸ்காரன் பின்னாடி ஜெனரேட்டர் ஒயர் பக்கத்துல நிப்பான். ஆனா பாட்டு நடுவுல பேஸ நிறுத்திப் பாருங்க, பந்தக்கால ஒண்ண உருவின மாதிரி இருக்கும். அதுலயும் ராஜா சார் பாட்டுன்னா கேக்கவே வேணாம், மேல பாடகர் ஒண்ணு பாட கீழ பேஸ் தனியா வேற ஒரு பாட்டு பாடிக்கிட்டுப் போகும். 18 வருஷமா நான் வாசிக்கிறது ஒரு சாதா கொரியன் பேஸ். அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியோட அசல் ஜாஸ் பேஸ் மாடல், அதுவும் எழுபதுகள்ல வந்தது, ஆஷ் மர பாடி, மேப்பிள் கழுத்து, ஃப்ரெட் (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகக் கம்பி) நடுவுல கட்டம் கட்டமா முத்துப் பதிச்சது, அது ஒண்ணு கைல வரணும்னு ஆசை. பெரிய அமெரிக்க பேஸ்காரர் ஜாகோ பாஸ்டோரியஸ் வாசிச்சது 62 மாடல், ஃப்ரெட்டே இல்லாம வாசிச்சாரு, அந்த வருஷத்துக்கெல்லாம் நம்ம வயலையே வித்தாலும் பத்தாது. 76, 77னா கொஞ்சம் கைக்கு எட்டும்னு ஒரு நப்பாசை.

ஆனி மாசம் அந்தக் கடைக்காரன் ஒரு வீடியோ போட்டான். 1977 ஜாஸ் பேஸ், தலைல சீரியல் நம்பர் எஸ்7ல ஆரம்பிக்குது. எனக்கு அது வரைக்கும்தான் தெரியும், 76 கடைசிலேர்ந்து ஃபெண்டர் நம்பர தலைல போட ஆரம்பிச்சாங்க, எஸ்னா எழுபது, பக்கத்துல இருக்குற எண் வருஷம். நம்பர் சரியா இருக்கே, அப்புறம் என்ன. போன் போட்டேன். எவ்வளவு மரியாதை தெரியுமா, “அண்ணே டெல்டாவா, எங்க தாத்தா மன்னார்குடிண்ணே, நீங்க வாங்கலன்னாலும் பரவால்ல, வந்து ஒரு காபி சாப்ட்டு வாசிச்சுட்டுப் போங்க”ன்னான். உழவன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி எழும்பூர்ல எறங்கிட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தத்தான் திரும்பத் திரும்ப நெனச்சுப் பாக்குறேன். ஏசி ரூம். மூலைல ஆம்பெக் எஸ்விடி, ஆள் ஒசர கேபினெட்டோட. தெரியாதவங்களுக்கு, அது 1969ல வந்த ஆம்ப், 300 வாட், உள்ள ஃபுல்லா வால்வு, கீழ எட்டு பத்திஞ்ச் ஸ்பீக்கர். பேஸ அதுல சொருகிக் குடுத்தான். கீழ் ஈ கம்பிய ஒரு தட்டு தட்டினேன், தரை அதிருது, என் நெஞ்சுக்குள்ள அதிருது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லல. அதத்தான் அவன் பாத்துக்கிட்டு இருந்தான். இப்ப யோசிச்சா சிரிப்பா வருது, அந்த ஆம்ப்ல தென்னமட்டைய சொருகினாலும் அப்படித்தான் கேக்கும்.

அப்புறம் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ காட்டினான். ஹோட்டல் பேண்ட்ல வாசிச்ச ஒரு ஆங்கிலோ இந்தியன் பெரியவரோடதாம், அவரு கப்பல்ல கொண்டு வந்ததாம், பேரன் கனடா போறதால விக்கிறானாம். எனக்குப் பழசுன்னா ஒரு பலவீனம். வீட்ல எங்க ஆத்தா காலத்து நாச்சியார்கோயில் குத்துவிளக்க இன்னும் புளி போட்டு வெளக்குற குடும்பம். “இது எங்க போகணுமோ அங்கதான் போகணும்ணே, காசுக்காக விக்கிறதுன்னா ஐடி பசங்ககிட்ட எப்பவோ தள்ளியிருப்பேன்”ன்னான். விழுந்துட்டேன்.

தூக்கிப் பாக்குறப்ப லேசாத்தான் இருந்துச்சு. கேட்டேன். “ஐம்பது வருஷ மரம்ணே, காஞ்சிருக்கும்ல”ன்னான். தலையாட்டினேன்.

காசு எப்படி வந்துச்சுன்னு சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் புரியும். வீட்டம்மா ரெண்டு வருஷமா கட்டின சீட்டு 1,00,000. சம்பா நெல்லு போட்டதுல மிச்சம் 60,000. ஆடி மாசக் கச்சேரிக்கு வாங்கின அட்வான்ஸ் 25,000, அதுல டிரம்ஸ் தம்பிக்குக் குடுக்க வேண்டியதும் இருக்கு. “ஏங்க, நல்லா விசாரிச்சீங்களா”ன்னு ஒரே ஒரு தடவ கேட்டா, உனக்கு இதப் பத்தி என்ன தெரியும்னு எரிஞ்சு விழுந்தேன். ஜிபேல ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல போகாது, மீதிய கேஷா குடுத்துடுங்க, ஜிஎஸ்டியும் மிச்சம்னான். 85,000 கட்டா எண்ணிக் குடுத்தேன். பில்லு குடுத்தான், மடிச்சுப் பைல வச்சுட்டேன், ரயில்லகூட பிரிச்சுப் பாக்கல, பேஸ் பெட்டிய மடில வச்சுக்கிட்டே ஊர் வந்து சேந்தேன்.

ஒரு வாரம் ஊரெல்லாம் காட்டினேன். கீபோர்டு மாப்ள செல்ஃபி எடுத்துப் போட்டான். அதுக்கப்புறம் ஆத்துல தண்ணி வந்து காத்துல ஈரம் ஏறவும் கழுத்து வளைஞ்சு கம்பி ஜர்ர்ர்னு அடிக்க ஆரம்பிச்சுது. கும்பகோணத்துல இத நம்பிக் குடுக்குற மாதிரி எனக்கு யாரையும் தெரியாது, எங்க குரூப்புக்கு ஆத்திர அவசரம்னா தஞ்சாவூர்ல வீணை செய்யுற ஒரு பெரியவர்தான். பைக்ல பின்னாடி கட்டிக்கிட்டு 40 கிலோமீட்டர் போனேன்.

அவரு பேஸ் கிட்டார் பத்தி ஒண்ணும் தெரியாதவரு. பலாமரத்துலயே வாழ்ந்தவரு. மடில போட்டு, கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு, மொதல்ல ஃப்ரெட்ட தடவினாரு, வீணைல அதுக்குப் பேரு மெட்டு. “தம்பி இது எத்தன வருஷத்துதுன்னு சொன்ன?” ஐம்பது கிட்டங்கன்னேன். “வீணைல பத்து வருஷம் வாசிச்சாலே மெட்டுல பள்ளம் விழும். இதுல ஒரு கோடுகூட இல்ல. மெட்டு மாத்தினதுன்னே வச்சுக்க, பலகைல ஒரு சின்ன சேதாரம் இருக்கணுமே.” அப்புறம் பாடில பெயிண்ட் தேஞ்சு மரம் தெரியுற எடத்துல கட்டைவிரல வச்சு அழுத்தினாரு. “கை தேச்ச மரம் வழவழன்னு எண்ணெ குடிச்ச மாதிரி இருக்கும். இது உப்புத்தாள் போட்டது. வரி தெரியுது பாரு, ஒரே பக்கமா இழுத்திருக்கான்.” ஸ்க்ரூ துரு? உப்புத்தண்ணில ஊறப்போட்டதாம். காஞ்ச மரம் லேசாயிடும்னு கடைக்காரன் சொன்னதச் சொன்னேன், மனுஷன் சிரிச்சுட்டாரு. மரத்த அறுத்துக் காயப்போட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பாங்க, அதுக்கப்புறம் ஐம்பது வருஷம் ஆனா பஞ்சாயிடுமான்னு கேட்டாரு.

கழட்டிப் பாத்துடுவமான்னு அவருதான் கேட்டாரு. பின்னாடி பிளேட்ல நாலு ஸ்க்ரூ. கழுத்து கைல வந்துச்சு. அந்தக் குழிக்குள்ள சொரண்டி எடுத்தும் பாதி ஒட்டிக்கிட்டு இருக்குற ஒரு வெள்ளை ஸ்டிக்கர். அதுல பார்கோடு. 77ல செஞ்ச கிட்டாரோட கழுத்துக்குள்ள பார்கோடுங்க!! பெரியவர் ஒண்ணும் பேசல, உள்ள போயி மோர் கொண்டு வந்து குடுத்தாரு. தலைல இருக்குற ஃபெண்டர் ஸ்டிக்கர் ஓரத்த நகத்தால நெருடினேன், எழும்பி வந்துடுச்சு.

ராத்திரி பூரா உக்காந்து படிச்சேன், இத 19 நாள் முன்னாடி படிச்சிருக்கணும். 75லேர்ந்து 80கள் ஆரம்பம் வரைக்கும் ஜாஸ் பேஸ் கழுத்துக்கு மூணு போல்ட்டுதான். மூணு! என்னோடதுல நாலு, அதுவும் கண்ணு முன்னாடியே வெளில இருக்கு, கழட்டிப் பாக்கவே வேண்டியதில்ல. அதே வருஷங்கள்ல தலைல ட்ரஸ் ராடு (கழுத்து வளையாம புடிக்கிற உள் கம்பி) நட்டு துப்பாக்கித் தோட்டா மாதிரி முட்டிக்கிட்டு இருக்கும், இதுல வெறும் ஓட்டை, அல்லன் கீ போடுறது. உள்ள ‘பாட்’ன்னு ஒண்ணு, வால்யூம் குமிழுக்கு அடில இருக்குற பார்ட், அத திருப்பிப் பாத்தா முதுகுல எண் இருக்கணும், 137ன்னு ஆரம்பிச்சா சிடிஎஸ் கம்பெனி, அடுத்த ரெண்டு எண் வருஷம், அதுக்கடுத்த ரெண்டு எத்தனாவது வாரம்னு. என்னோடதுல பட்டாணி சைஸ்ல சீனா ‘பாட்’, பிளாஸ்டிக் கனெக்டர். அந்தக் காலத்து ஆஷ் பாடி ஜாஸ் பேஸ் பெரும்பாலும் நாலு கிலோவுக்கு மேல தோள அறுக்கும், இத மளிகைக்கடைத் தராசுல போட்டேன், மூணு கிலோ அறநூறு. அந்த கறுப்பு வெள்ளை போட்டோவ வாட்ஸப்ல அனுப்பியிருந்தான்ல, அத பெருசாக்கிப் பாத்தேன். நிழல்ல இருக்குற தலைல முறுக்காணிய எண்ணினேன். ஆறு. பேஸுக்கு நாலுதான். அது பேஸே இல்ல, லீட் கிட்டார். 22 வருஷ பேஸ்காரன் நான். செவுத்துல முட்டிக்கணும் போல இருந்துச்சு.

காலைல எட்டு மணிக்கே போன். எடுத்தது வேற ஒருத்தன், “ஓனர் ஃபாரின் போயிருக்காரு சார்”. அண்ணே போயி சார் ஆயிடுச்சு கவனிச்சீங்களா. பத்து மணிக்கு ஓனரே வாட்ஸப்ல வந்தான், மூணு போல்ட்டு மேட்டரச் சொன்னேன், “இது எக்ஸ்போர்ட் மாடல், அதுல நாலு வரும்”னான். பார்கோடு? “பழைய ஓனர் ரிப்பேருக்குக் குடுத்தப்ப ஒட்டியிருப்பாங்க.” ஸ்டிக்கர் உரிஞ்சுது? “நீங்க ஏன் சார் சொரண்டினீங்க, இனிமே ரிட்டர்னே எடுக்க முடியாது.” டூப்ளிகேட்னு ஃபெண்டர் கம்பெனிலேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னான், நானு, கும்பகோணத்துலேர்ந்து, அமெரிக்காவுக்கு. வீணை செய்யுறவரு சொன்னாருன்னேன், சிரிக்கிற பொம்ம நாலு அனுப்பினான். அங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது, அந்தப் பெரியவர் கால் தூசுக்கு வருவானா இவன்.

1,85,000 குடுத்திருக்கேன்டா, நேர்ல வரேன்னு வாய்ஸ் நோட் போட்டேன். பதில் வந்துச்சு: “நீங்க குடுத்தது ஒரு லட்சம்தானே சார், பில்ல பாருங்க.” அப்பத்தான் பில்ல பிரிக்கிறேன். “பழைய பேஸ் கிட்டார் 1, ரூ.1,00,000.” ஃபெண்டர்னு இல்ல, ஜாஸ் பேஸ்னு இல்ல, 1977னு இல்ல. கீழ சின்ன எழுத்துல விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. கேஷா எண்ணிக் குடுத்த எண்பத்தஞ்சாயிரத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு கெடையாது. அதோட பிளாக்.

ஸ்டேஷன் போனேன், பணம் குடுத்தது சென்னைல, அங்க போயி குடுங்கன்னாங்க. 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் பதிஞ்சிருக்கேன். வக்கீல், அந்த வீடியோவ அவன் அழிக்கிறதுக்குள்ள எறக்கி வச்சியான்னாரு, நல்லவேள மாப்ள எறக்கி வச்சிருந்தான், அதுல அவன் வாயாலயே 1977னு சொல்றான், விலையும் சொல்றான். அது ஒண்ணுதான் கைல இருக்கு.

பத்து விஷயம் போடுறேன்னேன், நேரமில்ல, வண்டி வந்துடும். கழுத்த கழட்டிக் காட்டாதவன்கிட்ட வாங்காதீங்க. பில்லுல பிராண்டு, மாடல், வருஷம், முழுத்தொகை நாலும் இல்லாம கடைய விட்டு எறங்காதீங்க, கேஷ் கூடவே கூடாது. நீங்க டெய்லி வாசிக்கிற ஆம்ப்லயோ இல்ல நேரா மிக்ஸர்லயோ போட்டுக் கேளுங்க, அவன் ஆம்ப்ல கேக்காதீங்க. அமெரிக்கா ஆம்ப் எதுனா மலிவா வருதுன்னா அது 120 வோல்ட், நம்ம 230ல நேரா சொருகினா டிரான்ஸ்ஃபார்மர் காலி, அதையும் அவன் எங்கிட்ட தள்ளப் பாத்தான். வேற யாராச்சும் இதே மாதிரி மாடி ரூம் கடைல ஏமாந்திருந்தா மெசேஜ் பண்ணுங்க, சேந்து போடலாம் கேஸ.

சீட்டுக் காசு விஷயம் வீட்ல இன்னும் சொல்லல. பழைய கொரியன் பேஸ போன வாரம்தான் பதினோராயிரத்துக்கு ஒரு பையன்கிட்ட வித்தேன், இனி இது இருக்கேன்னு. ராத்திரி மாரியம்மன் கோயில் கச்சேரி, ஒம்போது மணிக்கு மேடை, இந்த பார்கோடு பேஸத்தான் தூக்கிட்டுப் போறேன். பெரியவர் கழுத்த நிமுத்திக் குடுத்துட்டாரு, கூலி வாங்கல.