220 வோல்ட் ஆம்ப்பும் புதுச்சேரி கரண்ட்டும்

பிரான்சிலிருந்து சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள்) குடும்பங்களோடு வந்து சேர்ந்த பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்களை, அதாவது பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயர்களைப் புதுச்சேரியில் இன்றும் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இருப்பது பெரியப்பா கொண்டு வந்தது. சரிசெய்த பிறகு சில வருஷங்களாகத் தினமும் பாடுகிறது. இதேபோல ஒன்று வைத்திருப்பவர்கள் முதலில் பின்பக்கத்து வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்களுடையதில் 110, 127, 220, 240 என்று நான்கு இடம், 220இல் இருந்தது. இங்கே வருவது பெயருக்கு 230. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ராத்திரி நேரத்தில் 245 வரை ஏறும்.

கோளாறு, விடாத ஹம்மிங். சவுண்டைக் கூட்டினால் கரகரப்பு. கடையில் அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றச் சொன்னார்கள். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்துவிடலாம் என்று ஸ்பீக்கரைக் கழற்றி, சீரிஸ் பல்ப் (கரண்ட் வரும் வழியில் தொடராக மாட்டிய பல்ப்) வழியாக ஆன் செய்தேன். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கியது, அதாவது பெரிய ஷார்ட் இல்லை. அப்புறம்தான் நேரடி கரண்ட். பல்ப் இருக்கும்போது எடுக்கும் வோல்டேஜ் குறைவாகவே காட்டும், அதை நம்பக் கூடாது.

சர்க்யூட் படத்தில் ஆம்ப்பின் உள்ளே இருக்கும் மெயின் சப்ளை பிளஸ் 36, மைனஸ் 36 வோல்ட். மீட்டரில் இரண்டு பக்கமும் 40. அந்த சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரின் தாங்குதிறனும் 40தான். சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியான ப்ரீஆம்ப்புக்கு 24 வர வேண்டிய இடத்தில் 17 மட்டுமே வந்தது.

மேலே கூடுதல், கீழே குறைவு. இது எப்படி? இடையில் ஒரு கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. அதற்குப் பிறகு, வோல்டேஜை 24இல் நிலையாக நிறுத்தும் ஜீனர் டயோடு. 36இலிருந்து 24க்கு இறங்க அந்த ரெசிஸ்டரில் 12 வோல்ட் விழுந்தால் சூடு 0.14 வாட். 40இலிருந்து இறங்க 16 விழுந்தால் 0.26 வாட். சப்ளை பத்து சதவீதம் ஏறியதற்கு, சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! வருஷக்கணக்கில் வெந்து, அடியில் போர்டே காப்பி நிறத்துக்குக் கருகியிருந்தது. ரெசிஸ்டரின் ஒரு முனையைப் போர்டிலிருந்து எடுத்து அளந்தால் மூன்று கிலோ ஓம். ஜீனருக்குப் போதிய கரண்ட் போகவில்லை, அதனால் ரிப்பிள் (சப்ளையில் மிஞ்சியிருக்கும் ஏற்ற இறக்கம்) அப்படியே ப்ரீஆம்ப்புக்குள் போனது. அதுதான் ஹம்மிங்.

செலக்டரை 240க்கு மாற்றினேன். ஒரு வாட் ரெசிஸ்டரைப் போர்டிலிருந்து சற்று உயர்த்திப் போட்டேன். ஃபில்டருக்கு 63 வோல்ட் கெப்பாசிட்டர், புதியதாகவே வாங்கினேன். சண்டே மார்க்கெட்டில் மற்ற எதையும் தேடலாம், பழைய கெப்பாசிட்டர் மட்டும் வேண்டாம். டிரான்சிஸ்டர்கள் நன்றாகவே இருந்தன.

இப்போது 245 வந்தாலும் சப்ளை 37ஐத் தாண்டுவதில்லை. இடையில் ஒருமுறை சவுண்ட் கூட்டும்போது மைனஸ் பக்கம் மட்டும் இறங்கியது. காரணம், கடல் காற்றில் பச்சை பூத்த ஃபியூஸ் ஹோல்டர். அதன் இரு முனைக்கு நடுவிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மழைக்காலம் முடிந்ததும் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிடுகிறேன். உள்ளே கை வைக்கும் முன் கெப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.