கறுப்பு கேட்டில் தங்க மினுக்கு: எது நிற்கும், எது கறுக்கும்?

கறுப்போ காப்பிக்கொட்டை நிறமோ அடித்த கேட்டில் ஈட்டி முனை, வார்ப்புப் பூ, சுருள் ஆகியவற்றைத் தங்க நிறத்தில் எடுத்துக்காட்டப் பல வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் மேட்டில் மட்டுமே நிறம் ஏற வேண்டும். பள்ளம் கறுப்பாகவே இருக்கட்டும். பூ முழுக்கப் பூசினால் இதழ் வேலை மறைந்துவிடும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 'கோல்டு பவுடர்' செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். எடையில் ஒரு பங்கு தூளுக்கு மூன்று, நான்கு பங்கு வார்னிஷ் சேர்ப்பார்கள். தூளின் செதில்கள் மேலே மிதந்து படுப்பதால் முதல் நாள் பளபளப்புக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் அதே காரணத்தால் செதிலுக்கு மேல் வார்னிஷ் மூடாக்கு குறைவு. ஈரம் பட்டதும் பழுப்பாகி, பிறகு பச்சை பூக்கும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். காப்பாற்றலாம் என்று மேலே கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்தால் செதில் கலைந்து மினுக்கு மங்கிவிடும். கலந்து வைத்தது கெட்டியாகிவிடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும்.

வெளிக் கேட்டுக்கு நாங்கள் சொல்வது பேர்ல் நிறமி கலந்த கோல்டு பெயிண்ட். அப்ரகத் துகள்மேல் டைட்டானியம், இரும்பு ஆக்ஸைடுகள் படிந்த நிறமி அது. பித்தளை இல்லாததால் கறுக்காது. மினுக்கு ஒரு படி குறைவுதான், ஆனால் கறுப்பின்மேல் நன்றாக எடுப்பாகத் தெரியும். வாங்கும்போது பித்தளைத் தூளா, பேர்லா என்று கேட்டே வாங்குங்கள். மினுக்குக்கு மட்டும் என்றால் ஒரு ஜோடி கேட்டுக்கு 100 மி.லி. டப்பாவே மிஞ்சும்.

பூசும் கைமுறைதான் பாதி வேலை. ரெட் ஆக்ஸைடு பிரைமரின்மேல் இரண்டு கோட் எனாமல் அடித்து ஒரு வாரம் விடுங்கள். 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். தேய்ந்த ஒரு அங்குல பிரஷின் நுனியை மட்டும் நனைத்து, அட்டையில் துடைத்துத் துடைத்துக் கிட்டத்தட்ட உலரவிடுங்கள். பிறகு வேலைப்பாட்டின் கோடுகளுக்குக் குறுக்காக மெல்ல இழுங்கள். தின்னர் சேர்க்க வேண்டாம். நீர்த்த பெயிண்ட் பள்ளத்தில் ஓடிவிடும்.

ஸ்பிரே டப்பா வேகமானதுதான், ஆனால் மேடு பள்ளம் பார்க்காது. அதைவிடப் பெரிய தொல்லை, அதன் காரமான கரைப்பான். எனாமல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி மெதுவாக இறுகுவது. முழுதும் இறுகுமுன் ஸ்பிரே பட்டால் தோல் போலச் சுருங்கி எழும்பும். இரண்டு டப்பாவாக வந்து, கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) கிளியரை எனாமல்மேல் அடித்தாலும் இதே கதிதான். பி.யூ. கிளியர் வேண்டுமென்றால் அடியிலிருந்தே எபாக்ஸி பிரைமர், பி.யூ. நிறம் என்று போக வேண்டும்.

உண்மையான தங்கத்தாள் தனி ரகம். பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 2008-இல் மீண்டும் நிறுவிய கேட்டுக்கு ஒரு லட்சம் தாள் போனது. தாளை ஒட்டவைக்கும் வார்னிஷைப் பூசிக் காத்திருக்க வேண்டும். விரல் முட்டி பட்டால் அது பிசுக்கென்று இழுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவத்தில் தாளை வைக்க வேண்டும். சீக்கிரம் வைத்தால் தங்கம் மூழ்கி மங்கும், தாமதித்தால் ஒட்டாது. 23 காரட் தாள் கறுக்காது, மேலே கிளியரும் வேண்டாம். மலிவான போலித் தாள் பித்தளையே. கிளியர் இல்லாமல் அதை வெளியே விடக் கூடாது.

தங்க நிறம் கலந்த மெழுகுப் பசை வீட்டுக்குள் மாடிப்படி கிராதிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் அருமை. விரலால் மேட்டில் தேய்த்து, காய்ந்ததும் பருத்தித் துணியால் மெருகேற்றினால் போதும். பிடிக்காவிட்டால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம். வெயிலில் காயும் கேட்டுக்கு வேண்டாம்: இளகித் தூசியைப் பிடிக்கும். பின்னால் பெயிண்ட் அடிக்க நேர்ந்தால், மெழுகு ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. பழைய கேட்டில் முன்பு மெழுகு தேய்த்திருந்தால், உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் டர்பன்டைனால் இரண்டு முறை கழுவுங்கள். முதலில் தேய்த்தால் மெழுகு எல்லா இடத்திலும் பரவிவிடும்.