அடிப்பீடத்தில் 007, உண்மையில் 607: குறைந்த பதிப்பு எண்ணுக்குக் கூடுதல் விலை கொடுப்போர் கவனத்திற்கு

கடந்த மார்ச் மாதம் சிங்கப்பூரில் தனிநபர் ஒருவரிடமிருந்து, பேட்மேனின் நான்கில் ஒரு பங்கு அளவிலான பாலிஸ்டோன் (கல்தூள் கலந்த பிசின்) சிலை ஒன்றை 1,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கினேன். மொத்தம் 750 மட்டுமே செய்யப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எண் இடப்பட்ட அந்தச் சிலை, சாதாரண எண் கொண்டதாக இருந்தால் ஏறத்தாழ 800 வெள்ளிக்குக் கைமாறும். எஞ்சிய 500 வெள்ளியை நான் கொடுத்தது, அடிப்பீடத்தின் கீழே பொன்னிற மையால் எழுதப்பட்டிருந்த 007 என்ற மூன்று இலக்கங்களுக்காக மட்டுமே.

இதைக் கேட்டவுடன் என் மனைவி, “எண்ணுக்கா ஐந்நூறு வெள்ளி?” என்றார். நியாயமான கேள்விதான். குறைந்த எண்ணின்மீது சேகரிப்பாளர்களுக்கு உள்ள மோகம் அச்சோவியத்திலிருந்து வந்தது. செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி அச்சிடும் டிரைபாயிண்ட் முறையில், கீறலின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறுதான் மையைத் தேக்கி, கோட்டுக்கு வெல்வெட் போன்ற கருமையைத் தருகிறது. அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் அந்தப் பிசிறு விரைவில் நசுங்கிவிடும் என்பதால், முதலில் எடுத்த சில டஜன் தாள்களுக்கும் பின்னால் எடுத்தவற்றுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ரெம்பிராண்ட் காலத்தில் தாள்களுக்கு எண்ணிடும் வழக்கம் இல்லை; இருந்தும் அவருடைய முற்பட்ட அச்சுகளைத்தான் இன்றும் தேடி வாங்குகிறார்கள். பிரான்சில் வெண்கலச் சிலைக்கு எண்ணிட்ட 8 வார்ப்புகளும் கலைஞருக்கான 4 வார்ப்புகளும் ஆக 12 மட்டுமே மூலப்படைப்பாகக் கொள்ளப்படுவதால், அங்கே எண்ணுக்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது.

பாலிஸ்டோன் சிலையில் இந்த நியாயம் எதுவும் செல்லாது. பிசினோடு கல்தூள் கலந்து சிலிக்கோன் அச்சில் வார்க்கிறார்கள். அச்சு தேய்ந்தால் மூலச் சிலையிலிருந்து புதிய அச்சு எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணோ பெரும்பாலும் வண்ணம் தீட்டி முடித்த பிறகு, எந்தச் சிலை கைக்கு வருகிறதோ அதன்மேல் ஏறுகிறது. ஆகவே 7ஆம் எண் 700ஆம் எண்ணைவிடத் துல்லியமான வார்ப்பு என்று சொல்ல இடமே இல்லை. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வாங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. 750 பேரிடம் இருக்கும் ஒரு பொருளில் ஒருவரிடம் மட்டுமே இருக்கக்கூடியது அந்த எண்தான்; போதாக்குறைக்கு 007 என்பது ஜேம்ஸ் பாண்டின் எண்ணும் ஆகிவிட்டதால், விற்க நினைத்தால் ஒரே நாளில் விற்றுவிடலாம் என்ற கணக்கும் மனத்தில் ஓடியது.

விற்றவர் அனுப்பிய படங்களில் அடிப்பீடமும் பெட்டியும் இருந்தன. எண் அச்சிட்ட சான்று அட்டை எங்கே என்று கேட்டதற்கு, வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். தம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வரச் சொல்லி, வங்கி வழியாக வேண்டாம், ரொக்கமாகத் தந்தால் 50 வெள்ளி குறைப்பதாகவும் சொன்னார். கீழ்த்தளத்தின் மங்கலான விளக்கொளியில் சிலையின் தலை, கை, மேலங்கி ஆகியவற்றில் உடைசல் உண்டா என்று கால்மணி நேரம் பார்த்த நான், எண்ணை ஒரு நொடிதான் பார்த்தேன்.

வீட்டில் மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோதுதான் முதல் இலக்கத்தின் நடுவில் ஒரு மழுங்கிய பட்டை தென்பட்டது. உருப்பெருக்கியில் பார்த்தால், 6இன் வயிற்றை மூடும் கோட்டைக் கூரிய எதனாலோ சுரண்டியெடுத்துவிட்டு, மேல் வளைவை வலப்பக்கமாக இழுத்து இணைத்து 0 ஆக்கியிருக்கிறார்கள். புதிய மையின் பொன்னிறம் சற்றே பச்சை கலந்தது. பெட்டியின் ஒட்டுத்தாளில் நகத்தை ஓட்டியதும் அடியில் இன்னொரு விளிம்பு தட்டுப்பட்டது. முடி உலர்த்தியால் சூடுகாட்டி மேல்தாளை உரித்தேன். 607/750 என்ற அசல் தாள் அப்படியே இருந்தது.

அன்றிரவே அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. மறுநாள் அவருடைய இணையக் கணக்கே இல்லை. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இங்கே உண்டு. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டாண்டுக்குள் தாக்கல் செய்யலாம். ஆனால் யார்மீது தாக்கல் செய்வது? ரொக்கமாகக் கொடுத்ததால் பெறுநர் பெயர் பதிவாகவில்லை. அந்தப் புளோக்கில் விசாரித்ததில் அவரை யாருக்கும் தெரியவில்லை. காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.

குறைந்த எண்ணுக்கென்று கூடுதல் விலை கேட்கப்பட்டால், அடிப்பீடம், பெட்டி, சான்று அட்டை மூன்றும் ஒரே படத்தில் இருக்கும்படி, அன்றைய தேதி எழுதிய தாளுடன் படம் கேளுங்கள். எண்ணின்மேல் பக்கவாட்டில் விளக்கடித்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். மேலிருந்து நேராக எடுத்த படத்தில் சுரண்டல் தெரியாது. மூன்றில் ஒன்று இல்லையென்றால் சாதாரண எண்ணின் விலைக்கு மேல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

சிலை இப்போது என் அலமாரியில்தான் நிற்கிறது. வார்ப்பிலும் வண்ணத்திலும் ஒரு குறையும் இல்லை. என்றேனும் விற்பதானால், சுரண்டிய அடிப்பீடத்தின் படத்தோடு 607 என்றே எழுதி விற்பேன்.