தண்ணீர் குடித்த பிளேஸ்டேஷன்: புதுச்சேரியில் பயன்படுத்திய கன்சோல் வாங்குவோர் கவனத்திற்கு

2025 பிப்ரவரியில் புதுச்சேரி நகரப் பகுதியில் உள்ள ஒரு கடையில், டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பிளேஸ்டேஷன் 4 பெட்டி (கன்சோல்) ஒன்றை, பயன்படுத்தியதாக, 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் தந்த உத்தரவாதம் முப்பது நாள். பெட்டி முப்பத்தேழாம் நாள் செத்தது. அந்த ஏழு நாள் கணக்கு தற்செயலானதன்று என்று இப்போது நினைக்கிறேன்.

அக்காள் மகனுக்குப் பரிசாகத் தர வேண்டும் என்பதற்காகவே கடலூரிலிருந்து பேருந்து ஏறிப் போனேன். கடையில் ஒரு கால்பந்து விளையாட்டைப் போட்டு, பதினைந்து நிமிடம் ஓடவிட்டுக் காட்டினார்கள். படம் தெளிவாக இருந்தது, சத்தமும் இல்லை. பில் கேட்டபோது, "பில் வேண்டாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். 15,000 என்று சொன்ன விலை 14,500 ஆனது அப்படித்தான். ஐந்நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டது என் தவறு, அதை மறைக்கவில்லை.

மூன்றாம் வாரத்திலிருந்து மின்விசிறி இரைய ஆரம்பித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மாலை, விளையாட்டின் நடுவே பெட்டி தானாக அணைந்தது. மீண்டும் போட்டால் முன்பக்க விளக்கு நீலத்தில் துடிக்குமே தவிர வெள்ளைக்கு மாறாது. சில நொடிகளில் அதுவும் அணைந்துவிடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "இந்தக் காலத்துப் பெட்டி எல்லாமே இப்படித்தான் சார். பழைய பிஎஸ் டூ மாதிரி உழைக்குமா? நாலாயிரம் குடுங்க, ரீபாலிங் பண்ணித் தர்றேன்" என்றார் அவர். (சில்லைப் போர்டோடு ஒட்டவைக்கும் சால்டர், அதாவது பற்றாசு, உருண்டைகளை மாற்றுவதுதான் ரீபாலிங்.)

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால்தான் அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2009-இல் வாங்கிய பிளேஸ்டேஷன் 2 என் வீட்டில் இன்றும் ஓடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த கடலூரில், பரண்மேல் ஈரத்தோடு இருந்த பெட்டி அது. அதற்கு முன் வீட்டில் இருந்த கேசட் போடும் டிவி கேமும் எளிதில் சாகவில்லை. கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி சொருகினால் ஓடும். (ஊதியதால் ஓடவில்லை, உருவிச் சொருகியதால்தான் ஓடியது, எச்சில் ஈரம் உண்மையில் செம்பு முனைகளுக்குக் கேடு.)

ஆனால் பழையது எல்லாம் கல், புதியது எல்லாம் கண்ணாடி என்பது சரியன்று. பிளேஸ்டேஷன் 2-இலும் லேசர் பகுதி பழுதாகி வட்டைப் படிக்க மறுக்கும் கோளாறு பரவலாக இருந்தது. கெட்டுப்போனால் முன்பக்கத்தில் எரியும் சிவப்பு வளையத்தால் பேர் கெட்ட மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வெளிவந்தது 2005-இல். இன்று அதுவும் பழைய பெட்டிதான். அந்தக் கோளாறுக்காக மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பெட்டிகள் அப்படித்தான் என்று அந்த நிறுவனம் கையை விரிக்கவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணினி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். மூடியைக் கழற்றிப் பார்த்தவர் உடனே, "தம்பி, இது தண்ணி குடிச்ச பெட்டி" என்றார். மின்வழங்கிப் பகுதிக்கு அடியில் மெல்லிய வண்டல் கோடு இருந்தது. டிவி கேபிளைச் சொருகும் எச்டிஎம்ஐ துளையின் உலோக உறையில் துருவும், போர்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பும் இருந்தன. முதன்மைச் சில்லைச் சுற்றிப் சால்டர் ஒட்டுவதற்காகத் தடவும் ஃப்ளக்ஸ் பசை பழுப்பு நிறத்தில் காய்ந்து கிடந்தது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் யாரோ அதைச் சூடேற்றியிருக்கிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.-க்கும் மேல் மழை பெய்து நகரின் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதில் நனைந்த பெட்டியாக இருக்கலாம் என்பது பெரியவரின் ஊகம், என்னுடையதும் அதுவே.

செத்த பெட்டியைச் சூடேற்றி ஓடவைத்து விற்கும் இந்த ஏமாற்று, புதிய தலைமுறைப் பெட்டிகளில் எடுபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2006 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையால் மின்னணுப் பொருள்களில் ஈயம் கலந்த சால்டர் பெருமளவு ஒழிந்தது. ஈயம் கலந்தது ஏறத்தாழ 183 டிகிரியில் உருகும். அதற்கு மாற்றாக வந்தது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், வளைந்து கொடுக்கும் தன்மையும் குறைவு. பிளேஸ்டேஷன் 2-இன் ஒல்லி வடிவத்துக்கு வந்த 8.5 வோல்ட் அடாப்டர் 50 வாட்டைத் தாண்டாது. பிளேஸ்டேஷன் 4-இன் முதல் மாதிரிக்கோ உச்ச அளவு 250 வாட். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சில்லுக்கு அடியில் உள்ள நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள் இழுபடுகின்றன, நாளடைவில் சில விரிசல் விடுகின்றன. ஹீட் கன் காட்டினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டும். சில நாளோ சில வாரமோ ஓடிவிட்டு மறுபடி விடும். டிவி கேம் கெட்டால் கடையிலேயே கெட்டது தெரியும். செத்த பிளேஸ்டேஷன் 4-ஐயோ விற்று முடிக்கும் வரை உயிரோடு வைத்திருக்க முடியும், முப்பது நாள் உத்தரவாதமும் தர முடியும்.

மருமகனுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பிளேஸ்டேஷன் 4-இன் வன்தட்டு அந்தந்தப் போர்டோடு மறையாக்கம் செய்து பூட்டப்பட்டிருப்பதால், கழற்றி வேறு பெட்டியில் போட்டாலும் அவன் ஐந்து வாரம் ஆடிச் சேமித்தது எதுவும் வரவில்லை. பழைய பிளேஸ்டேஷன் 2-இன் மெமரி கார்டை யார் வீட்டுக்கும் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

வாங்கப் போகிறவர்கள் பதினைந்து நிமிட ஓட்டத்தை நம்ப வேண்டாம். கனமான விளையாட்டு ஒன்றைப் போட்டு இரண்டு மணி நேரமாவது கடையிலேயே ஓடவிடச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். முதல் மாதிரிகளில் பின்புறத் திருகுகளை மூடி ஸ்டிக்கர் இருக்கும். அது கிழிந்திருந்தால் யார், எதற்காகத் திறந்தார்கள் என்று கேளுங்கள். கைபேசி விளக்கை அடித்து எச்டிஎம்ஐ துளைக்குள் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக் காற்றிலேயே திருகு துருப்பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உப்புக் காற்று வண்டல் கோடு போடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசை எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய பில் வாங்குங்கள்.

கடை தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பதால் புதுச்சேரிக்கு அலைய வேண்டும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம்.

என்னிடம் பில் இல்லை. ஆனால் கைபேசி வழியாகப் பணம் செலுத்திய பதிவும், "ஒரு மாசம் கேரண்டி சார்" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியும், பெரியவர் பெட்டியைத் திறந்தபோது நான் எடுத்த படங்களும் இருக்கின்றன. அவற்றை இணைத்துக் கடைக்கு அறிவிப்பு அனுப்பிய பத்தாம் நாள், 9,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 5,500 ரூபாய்க்கான புகார் மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.